பக்தன் பணிவான், திருடன் வாங்குவான்

நேமிநாதன் ஊசியில் நூல் கோக்கும்போதே கேள்வியைப் போட்டுவிடுவார். மண்டை பிளந்து வந்தவன், கள்ளச்சாராயத் தகராறில் பாட்டில் குத்து வாங்கியவன், வரப்புச் சண்டையில் மண்வெட்டியால் வெட்டுப்பட்டவன், யாராக இருந்தாலும் அதே முறைதான். பெஞ்சில் படுக்கவைத்துக் காயத்தைக் கழுவுவார். அன்றைய பத்திரிகையை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். அதன் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் குறுக்கெழுத்துக் கட்டம் இருக்கும். அதிலிருந்து ஒரு குறிப்பைப் படித்துவிட்டுத்தான் முதல் குத்து. அடிபட்டவன் யோசித்து முடிப்பதற்குள் ரெண்டு தையல் விழுந்திருக்கும்.

காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கச் சந்தில் இருந்தது டாக்டர் ராஜவேலுவின் கிளினிக். அங்கே நேமிநாதன் கம்பவுண்டர். அறுபதுகளின் பிற்பகுதி அது. டாக்டர் பாதி நாள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர் என்பதால், வெட்டும் குத்தும் கம்பவுண்டர் கைக்குத்தான் வந்தன. மரத்துப்போகிற ஊசி மருந்து விலை அதிகம். பெரிய காயத்துக்கு மட்டும்தான் அதை எடுக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எது பெரிய காயம் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

நேமிநாதன் சமணர். திருப்பருத்திக்குன்றத்தில் வீடு. ஊரில் எல்லாரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிட்டார்கள். பொழுது சாய்ந்தால் சோற்றைத் தொடமாட்டார். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். சைக்கிள் சக்கரத்தில் எறும்புச் சாரை அகப்பட்டுவிடுமோ என்று இறங்கித் தள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தவர்கள் உண்டு. அப்படிப்பட்டவருக்கு நாள் பூராவும் ரத்தத்தில்தான் பிழைப்பு. அவருடைய அப்பா இந்த வேலைக்குச் சம்மதிக்கவே இல்லை. "கிழிக்கறவன் பாவம் கிழிக்கறவனுக்கு. நான் தைக்கறவன்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்தவர் நேமிநாதன். ஆனாலும் முதல் ஆறு மாதம் கிளினிக் பின்கட்டுக்குப் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்துதான் தைத்தார்.

குறுக்கெழுத்துப் பழக்கம் அப்போது ஒட்டிக்கொண்டதுதான். ஒரு லாரி கிளீனரைக் கொண்டுவந்து போட்டார்கள். கன்னம் காது வரைக்கும் கிழிந்து பல் வெளியே தெரிந்தது. மருந்து தீர்ந்துபோயிருந்தது. நாலு பேர் பிடித்தும் அவன் திமிறினான். கத்தக் கத்தக் காயம் இன்னும் விரிந்தது. நேமிநாதனால் ஊசியைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. மேஜையில் கிடந்த பத்திரிகை கண்ணில் பட, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அதைப் படித்தார். "பெண்ணுக்கும் இதுவே பெயர், கிழிசலுக்கும் இதுவே மருந்து. மூணெழுத்து." அவன் கத்தலை நிறுத்தினான். கண்ணை மட்டும் உருட்டி, விரலால் ஊசியைக் காட்டினான். ஊசி ரெண்டெழுத்து என்றார் இவர். அவன் மறுபடி யோசித்தான். இவர் தைத்துக்கொண்டே, பழைய தமிழில் பெண்ணைத் தையல் என்பார்கள், அதுதான் விடை, இப்போது உன் கன்னத்தில் போடுவதும் அதுதான் என்று விளக்கினார். விளக்கம் முடிந்தபோது கன்னமும் மூடியிருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாளும் விட்டதில்லை. காலையில் பட்டணத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பத்திரிகையை வாங்கிக் கட்டம் முழுவதையும் மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிடுவார். பென்சிலால் ஒரு எழுத்துகூட எழுதமாட்டார். அது அடிபட்டு வருகிறவர்களுக்கு. சாயங்காலம் டாக்டர் பத்திரிகையைக் கேட்டால் அங்கங்கே ரத்தப் பொட்டோடு கொடுப்பார். டாக்டர் திட்டிப் பார்த்துவிட்டு, தனியாக ஒன்று வாங்க ஆரம்பித்தார்.

முனிசாமி வந்தது அப்படியொரு காலை நேரத்தில். பாலாற்றங்கரையில் திருமுக்கூடலுக்குப் பக்கத்துக்காரன், பயிர் வைக்கிறவன், முப்பது வயது. வாலாஜாபாத் சந்தையில் மாடு பிடிக்கப் போன இடத்தில் காளை முட்டித் தொடையை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. வேட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே வந்திருந்தான். காயத்துக்குள் விரலை விட்டுச் சாணியையும் வைக்கோலையும் எடுத்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டானே தவிர முனகவில்லை.

"வெட்டச் சொன்னாலும் நெய்யலாம். ரெண்டெழுத்து" என்றார் நேமிநாதன்.

முனிசாமி யோசிக்கவே இல்லை. "நூலு."

"நூல் ரெண்டெழுத்துதான். ஆனா ஒருத்தங்கிட்ட நூல்னு சொன்னா வெட்டுவானா?"

"அப்ப கறி."

நயினார் முகம் சுளித்தார். கறி என்றால் வெட்டுவான், நெய்ய மாட்டானே என்றார். முனிசாமி விடவில்லை. கத்தி, அரிவாள், மாடு என்று வாயில் வந்ததையெல்லாம் எழுத்துக் கணக்கே பார்க்காமல் அடுக்கினான். கடைசியில் இவர்தான் விளக்கவேண்டி வந்தது. மரத்தைத் தறிச்சுப் போடு என்று உங்கள் ஊரில் சொல்வதில்லையா? தறி என்றால் வெட்டு. இங்கே வீட்டுக்கு வீடு குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து பட்டு நெய்கிறார்களே, அதுவும் தறி. முனிசாமி கொஞ்ச நேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். சிரிப்பில் ஒரு தையல் கோணலாக விழுந்தது. அவனுடைய தங்கை பூவம்மாளை இந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்றும், பிள்ளையார்பாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருக்கும் ராஜகோபால்தான் மாப்பிள்ளை என்றும் அவன் சொன்னபோது, நேமிநாதனின் கை நின்றுவிட்டது.

பூவம்மாளை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக அவள் வந்துகொண்டிருந்தாள்.

முதல் தடவை உதடு கிழிந்து வந்தாள். கிணற்று ராட்டினம் மோதிவிட்டது என்றாள். அடுத்து முழங்கை, படியில் விழுந்துவிட்டாளாம். கூடவே புருஷனோ பட்டறை ஆள் ஒருவனோ வந்து வாசலில் நிற்பார்கள். வாலாஜாபாத்தில் எட்டாவது வரை படித்தவள் அவள். குறுக்கெழுத்தில் அவளைப் போல யாரையும் அவர் பார்த்ததில்லை. குறிப்பைப் படித்து முடிக்குமுன் விடை வந்துவிடும். வீங்கிய உதட்டோடு எழுத்தை எண்ணி, இது நாலெழுத்து இல்லை, உங்க பத்திரிகைக்காரன் ஒற்றெழுத்தை விட்டுட்டான் என்று திருத்தவும் செய்வாள். நல்ல கஷ்டமான குறிப்பு வந்தால் நேமிநாதன் அதை வேறு யாருக்கும் போடாமல் எடுத்துவைக்க ஆரம்பித்தார். ஒருநாள் காலை அப்படி ஒன்றைப் படித்துவிட்டு, இன்றைக்குப் பூவம்மாள் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்பின் அர்த்தம் உறைத்தது. அவள் வருவதென்றால் எப்படி வருவாள்? அடி வாங்காமல் அவள் இந்தச் சந்துக்குள் கால் வைத்ததுண்டா? பத்திரிகையை மடித்து மேஜைக்குள் தள்ளினார்.

மூன்றாம் தடவை புருவத்துக்கு மேலே எலும்பு தெரியப் பிளந்திருந்தது. ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. வாசலில் பட்டறை ஆள் நின்றான். என்ன ஆச்சு என்று நேமிநாதன் கேட்கவில்லை. வழக்கம்போலக் கேள்வியைத்தான் கேட்டார். "பக்தன் பணிவான், திருடன் வாங்குவான். ரெண்டெழுத்து."

பூவம்மாள் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். அன்றைக்கு விடை சொல்ல நேரம் எடுத்தாள்.

"அடி" என்றாள். பிறகு வாசலுக்குக் கேட்காத குரலில், "பொண்டாட்டியும் வாங்குவா, நயினாரே. அத வுட்டுட்டாங்க" என்றாள்.

அவர் தைத்தார். கட்டுப் போட்டு அனுப்பினார். அன்று விளக்கம் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

இதெல்லாம்தான் முனிசாமியின் தொடையைத் தைக்கும்போது நேமிநாதனுக்கு நினைவுக்கு வந்தது. சொல்லவா, விடவா என்று தெரியாமல் அன்று அனுப்பிவிட்டார். பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தான் முனிசாமி. வீட்டில் மதனவதியிடம் அவர் இதைப் பற்றிப் பேசியிருந்தார். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் பொய்தான் என்று அவருடைய மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதனால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டே, உன் தங்கச்சியைப் போய்ப் பார்த்துவிட்டு ஊருக்குப் போ என்றார். எதற்கு என்று அவன் கேட்டான். அவர் சொன்னார். உதடு, முழங்கை, புருவம் என்று தான் தைத்ததையெல்லாம் சொன்னார். அவள் சொன்ன விடையையும் சொன்னார்.

முனிசாமி எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டான். பாதித் தையல் இன்னும் பிரிக்கவில்லை என்று இவர் சொன்னது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவன் நேரே பிள்ளையார்பாளையம் போனான். தங்கையைப் பார்த்தான். அவள் ஒன்றுமில்லை என்றாள். முதுகைக் காட்டு என்றான். மாட்டேன் என்றவளின் முந்தானையைப் பிடித்துத் திருப்பினான். சாயப்பானையைக் கிளறும் கழியின் தடம் முதுகெங்கும் வரிவரியாக இருந்தது. அதற்குமேல் அவன் அங்கே நிற்கவில்லை. பட்டறை அடுத்த சந்தில். அடுப்புக்கு விறகு பிளக்கும் வெட்டுக்கத்தி வாசலிலேயே கிடந்தது. ராஜகோபால் கொதிக்கும் சாயத்தில் பட்டு நூல் கட்டைத் தோய்த்துக்கொண்டு குனிந்திருந்தான். முதல் வெட்டில் காது தொங்கிற்று. ரெண்டாவதைத் தடுக்கக் கையைத் தூக்கினான். முன்னங்கை எலும்பு வரை போயிற்று. பட்டறை ஆட்கள் விறகுக் கட்டையால் முனிசாமியை மடக்கி அடித்த நேரத்தில், ரெண்டு பேர் முதலாளியை ஒரு ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். பக்கத்தில் இருந்தது டாக்டர் ராஜவேலுவின் கிளினிக்தான்.

டாக்டர் சின்ன காஞ்சிபுரத்துக்குப் போயிருந்தார். நேமிநாதன் மட்டும்தான் இருந்தார். ராஜகோபாலைப் பெஞ்சில் கிடத்தியபோது பெஞ்சிலிருந்து ரத்தம் கோடாக வழிந்து வாசற்படி வரை போயிற்று. பட்டறைச் சாயம் தோய்ந்த நீலக் கையில் சிவப்பு ஏறிக் கறுத்திருந்தது. ரப்பர் குழாயை எடுத்து முழங்கைக்கு மேல் சுற்றினார். இறுக்குவதற்குள் வாசலில் நின்ற ரெண்டு பேரும் ஓடினார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

பட்டறை ஆட்களைத் திமிறிக்கொண்டு வந்த முனிசாமி படியேறிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. தொடையில் தான் போட்ட தையல் பிரிந்து வாய் திறந்திருப்பதும், ஒவ்வொரு அடிக்கும் அதிலிருந்து ரத்தம் குபுக்கென்று வருவதும் நேமிநாதனுக்குத் தெரிந்தது. கத்தி அவன் கையில்தான் இருந்தது.

"நகரு நயினாரே."

"கத்தியக் கீழ போடுப்பா. இவன் கை போச்சு. போதும்."

"நீதான சொன்ன?" என்றான் முனிசாமி. கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டான். "நீ சொல்லித்தான வந்தேன்?"

அவர் பெஞ்சுக்கு முன்னால் நின்றார். முனிசாமி இடது கையால் அவரைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினான். மருந்து அலமாரியில் மோதிக் கண்ணாடி உடைந்து முதுகில் ஏறியது. ராஜகோபால் எழ முடியாமல் காலை உதைத்துக்கொண்டு ஊளையிட்டான். கத்தி மேலே போயிற்று. அலமாரிக்குப் பக்கத்தில் பம்ப் ஸ்டவ்வில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. நேமிநாதன் அந்தப் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி, கொதிக்கும் தண்ணீரை அப்படியே முனிசாமியின் மேல் வீசினார்.

கழுத்திலும் வலது தோளிலும் மார்பிலும் விழுந்தது. காளை குத்தியபோது முனகாதவன் அன்று அலறிய அலறலில் பஸ் நிலையத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கத்தி விழுந்தது. அவன் தரையில் புரண்டான். சட்டையைப் பிடித்து அவன் இழுக்க, சட்டையோடு தோலும் வந்தது. நேமிநாதன் குடத்துத் தண்ணீரை அவன் மேல் கவிழ்த்தார். ரெண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரை முதலில் பார்ப்பது? ரத்தம் போகிறவன் முதலில் செத்துப்போவான் என்று கைக்குத் தெரிந்திருந்தது. ராஜகோபாலின் கையில் குழாயை இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே தலையைத் திருப்பித் தரையில் கிடந்தவனைப் பார்த்தபடி இருந்தார். தன் உள்ளங்கைகள் வெந்திருப்பது அவருக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. அன்று அவர் யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

ராஜகோபால் பிழைத்தான். முனிசாமியைப் போலீஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை உட்காரவைத்தது. ஒரு உயிரைக் காப்பாற்றச் செய்தது என்று நேமிநாதன் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. ஊரில் அவரைப் பாராட்டினார்கள். ராஜகோபால் பட்டு வேட்டியும் பழத்தட்டும் கொடுத்தனுப்பினான். மதனவதி அதை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். நேமிநாதன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தார். நாலு நாள் வெறும் தண்ணீரோடு இருந்தார். எறும்புக்காக இறங்கி நடந்த நாம் ஒரு மனுஷனை உயிரோடு வேகவைத்துவிட்டோம் என்பதைத் தவிர வேறு எதுவும் மனசில் ஓடவில்லை. அவனைச் சும்மா விட்டிருந்தால் இன்னொருவன் செத்திருப்பானே என்று மதனவதி சொன்னபோது, அது சரி, ரெண்டும் சரி, அதுதான் கஷ்டம் என்றார்.

ஐந்தாம் நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அந்த நேரத்தில் வார்டு ஆள் ஒருவன் முனிசாமியின் மார்பில் ஒட்டிக் காய்ந்திருந்த துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நேமிநாதன் அவனை விலகச் சொன்னார். உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி நனைத்து, துணியை நூல் நூலாக எடுத்தார். முனிசாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். மறுநாளும் அப்படித்தான். அவர் தினமும் போனார். பத்திரிகையை எடுத்துப் போகவில்லை.

ஒருநாள் சுவரைப் பார்த்தபடியே முனிசாமி பேசினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தத் தண்ணிய அவன் மேல ஏன் ஊத்தல?"

"கத்தி உங்கிட்ட இருந்துது."

"அவன் கையில கழி இருந்தப்ப?"

நேமிநாதன் துணியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அப்போது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன் என்றார். முனிசாமி திரும்பி அவரைப் பார்த்தான். பிறகு, சும்மா எடுக்கிறாயே, வலிக்கிறது, ஏதாவது கேள் என்றான். நேமிநாதனுக்கு அன்று காலை படித்த குறிப்பு நினைவிருந்தது. ஊறுகாய் போடலாம், ஆறினாலும் போகாது, ரெண்டெழுத்து. முனிசாமி எலுமிச்சங்காய் என்றான். மாங்கா என்றான். மிளகா என்றான். சிறிய மாங்காயை மாவடு என்பார்கள், புண் ஆறிய பிறகு நிற்பதும் வடுதான் என்று இவர் விளக்கினார். பக்கத்துக் கட்டில்காரரும் கான்ஸ்டபிளும்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முனிசாமி தன் மார்பைக் குனிந்து பார்த்துவிட்டு, இது ஊறுகாய்க்கு ஆகாது என்றான்.

வழக்கு செங்கல்பட்டுக் கோர்ட்டுக்குப் போயிற்று. போலீஸ் தரப்பில் முக்கிய சாட்சி நேமிநாதன். பார்த்தது பார்த்தபடி சொன்னார்: கத்தியோடு வந்தான், என்னைத் தள்ளினான், ஓங்கினான். ராஜகோபால் காதில்லாத பக்கத்தைத் தலைப்பாகையால் மறைத்துக்கொண்டு திருப்தியாக உட்கார்ந்திருந்தான். அடுத்து முனிசாமியின் வக்கீல் எழுந்தார். ராஜகோபாலின் மனைவிக்கு நீங்கள் வைத்தியம் செய்ததுண்டா என்று கேட்டார். உண்டு என்றார் நேமிநாதன். எப்படி ஏற்பட்ட காயங்கள் என்று அவள் சொன்னாள்? ராட்டினம், படி என்றுதான் சொன்னாள். அப்படியானால் புருஷன் அடித்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?

நேமிநாதன் தயங்கினார். அந்தம்மாள் ஒரு குறுக்கெழுத்துக்கு விடை சொன்னாள் என்றார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, என்ன குறிப்பு என்று அவரே கேட்டார்.

"பக்தன் பணிவான், திருடன் வாங்குவான்."

"அடி" என்றார் நீதிபதி, சட்டென்று.

"ஆமாங்க. அதையேதான் சொன்னா. சொல்லிட்டு, பொண்டாட்டியும் வாங்குவா, அத வுட்டுட்டாங்கன்னா. அப்ப அவளுக்கு ஒரு கண்ணு மூடிக்கினு இருந்துது. வாசல்ல அவங்க ஆள் நின்னுக்கினு இருந்தான். நான்தான் புருவத்தத் தச்சேன்."

சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். புருஷன் வீட்டை விட்டு வந்து, பின்வரிசையில் தாயோடு உட்கார்ந்திருந்த பூவம்மாள் எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. புருவத்துக்கு மேலிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, நீதிபதி பார்க்கும்வரை அப்படியே நின்றாள்.

கொலை முயற்சிக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை குறைந்தது. முனிசாமிக்கு ரெண்டு வருஷம் போட்டார்கள்.

தீர்ப்பு வந்த வாரமே நேமிநாதனை அடித்தார்கள். மத்தியான வெயிலில் வேகவதி ஆற்றுத் தடத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ரெண்டு பேர் வழிமறித்தார்கள். முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்கள். கையை மூடமுடியவில்லை, நகக்கண் வரை சாயம் ஏறியிருந்தது. சைக்கிளோடு மணலில் தள்ளினார்கள். விலாவில் உதைத்தார்கள். கோர்ட்டில் கதை சொல்லத் தெரிகிறதா என்று ஒருவன் கேட்டான். மற்றவன் அவருடைய வலது கையைப் பிடித்து ஒரு கல்லின் மேல் விரித்துவைத்து விறகுக் கட்டையால் அடித்தான். விரல்கள் முறியும் சத்தம் காய்ந்த குச்சி முறிவதுபோல அவருக்கே கேட்டது. மூன்றாவது அடிக்குப் பிறகு மயக்கம் போட்டுவிட்டது.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தபோது, ஆட்களை அடையாளம் தெரியுமா என்றார். தெரியும் என்றார் நேமிநாதன். அவர்கள் பேரும் தெரியும். சொல்ல மாட்டேன். பயமா என்றார் இன்ஸ்பெக்டர். பயமில்லை, ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றார். இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு எழுந்து போனார்.

மூன்று விரல்கள் வளைந்தபடியே கூடின. ஊசி பிடிக்க முடியவில்லை. டாக்டர் அவரை விலக்கவில்லை. தைப்பதற்குக் காந்தா என்று ஒரு நர்ஸை வைத்துவிட்டு, தலைமாட்டு ஸ்டூலை இவருக்குக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து கேட்பதும் விளக்குவதுமே இவர் வேலையாயிற்று. ராஜகோபாலுக்கும் கை மூடவரவில்லை. சாயம் தோய்க்க முடியாமல், கூலிக்காரர்களும் நிற்காமல், பட்டறையை விற்றுவிட்டு ஆரணிப் பக்கம் போய்விட்டான். அடித்த ரெண்டு பேரும் இங்கேயே வேறு பட்டறையில் சேர்ந்தார்கள். கடைத்தெருவில் நேமிநாதனைப் பார்த்தால் சந்து திரும்பிவிடுவார்கள். பூவம்மாள் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் காயவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். களத்தில் யாரோடும் அதிகம் பேசுவதில்லையாம். மில் மேஸ்திரி ஒருதரம் அவள் மேல் கை ஓங்கியபோது, நெல் தள்ளும் பலகையால் அவன் முழங்காலில் போட்டுவிட்டாள் என்று அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வேலை போகவில்லையாம்.

விடுதலையானதும் முனிசாமி கிளினிக்குக்கு வந்தான். இளைத்திருந்தான். சட்டைக் காலருக்கு மேலே கழுத்துத் தோல் மெழுகு உருகி நின்றதுபோல இழுத்துப் பிடித்திருந்தது. தலையைத் திருப்ப முழு உடம்பையும் திருப்பவேண்டியிருந்தது. வேலூர் ஜெயிலில் குளிர்காலத்தில் தோல் வெடித்து ரத்தம் வரும் என்றான். காந்தா களிம்பு எடுத்துக்கொடுக்க, நேமிநாதன் இடது கையால் தடவினார். முனிசாமி அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு?" என்றான்.

அவர் இன்னும் கொஞ்சம் களிம்பு எடுத்தார்.

"பட்டற ஆளுங்கதான? ரெண்டு பேருன்னு சொன்னாங்க. பேரு சொல்லு நயினாரே."

"சொல்ல மாட்டேன்."

"நான் கேக்கறேன்."

"நீ கேக்கறதாலதாம்பா."

முனிசாமி சட்டையைப் போட்டுக்கொண்டான். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தான். ஆனால் சந்து முனையில் அவன் கண் பஸ் நிலையத்துப் பக்கம் போகவில்லை. பிள்ளையார்பாளையம் போகிற தெருவைப் பார்த்தது. நேமிநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு, காந்தாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவனோடு நடந்தார். எதற்கு என்று அவன் கேட்டான். எனக்கும் வாலாஜாபாத்தில் வேலை இருக்கிறது என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அது முகத்தில் தெரிந்தது. முனிசாமிக்கும் தெரிந்தது. அவனே ரெண்டு டிக்கெட் எடுத்தான்.

பஸ் ஊரைத் தாண்டும்வரை நேமிநாதன் அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அய்யம்பேட்டை வந்த பிறகுதான் விட்டார். மழை பெய்திருந்தது, ரெண்டு பக்கமும் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். முனிசாமி இந்தப் போகத்துக்கு ஒரு ஜோடி மாடு வாங்கவேண்டும், கொம்பு சின்னதாகப் பார்த்து வாங்கவேண்டும் என்றான். எந்தச் சந்தையில் நல்ல மாடு வரும் என்று நேமிநாதன் கேட்டார். மாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. முனிசாமி உடம்பு முழுவதையும் அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்து, பல்லைப் பார்த்து வயதைச் சொல்வது எப்படி என்பதிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.